காதுக்கு எட்டாத குருவிகள்

எங்கள் தெருமுனையில் ஒரு தேன்பழ மரம் நிற்கிறது. வருடம் முழுக்கப் பூவும் பழமுமாக இருக்கும் மரம். அதில் பூக்கொத்தி வந்து போகிறது என்று எனக்குத் தெரியும். எட்டு சென்டிமீட்டர் நீளம்தான். நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. சாம்பலும் பழுப்புமான உடம்பு இலைக்குள் புகுந்துவிட்டால் கண்ணால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் பூக்கொத்தியைக் கண்டுபிடிப்பவர்கள் எல்லோரும் காதால்தான் கண்டுபிடிக்கிறார்கள். 'டிக் டிக் டிக்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே கிளைக்குக் கிளை தாவும். அந்த டிக் டிக் இப்போது எனக்குக் கேட்பதில்லை. மரம் இருக்கிறது, பழம் இருக்கிறது, குருவியும் அங்கேதான் இருக்கிறது. அந்த மரத்தடியில் நின்றால் இலை அசைவது மட்டும் தெரிகிறது.

காது கேட்காதவன் என்று என்னைப் பார்த்து யாரும் சொல்லமாட்டார்கள். எதிரில் உட்கார்ந்து பேசினால் பேச்சு கேட்கிறது. பால்காரர் மணி கேட்கிறது, பஸ் ஹாரன் தேவைக்கு மேலேயே கேட்கிறது. காலையில் செம்போத்து அடித்தொண்டையில் 'உக் உக்' என்று கூப்பிடுவதும், குயிலும், புள்ளிப்புறாவும், குக்குறுவான் இடைவிடாமல் தட்டுவதும் கேட்கின்றன. மயில் அகவினால் முன்பு போலவே திடுக்கிடுகிறேன். போனது மேல்ஸ்தாயி மட்டும்தான். கச்சேரியில் தம்பூராவும் மிருதங்கமும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருக்க, பாடகர் மேலே ஏறும்போது குரல் மட்டும் மறைந்துபோனால் எப்படி இருக்கும்? எனக்கு இப்போது காடு அப்படி இருக்கிறது.

பறவை பார்ப்பது என்று சொல்லிப் பழகிவிட்டோம். வயல்வெளிக்கும் குளக்கரைக்கும் அந்தச் சொல் சரி. மரங்கள் அடர்ந்த இடத்துக்குப் போய்விட்டால் காது முன்னால் நடக்கும், கண் பின்னால் வரும். கண் முன்னால் இருப்பதை மட்டும் காட்டுகிறது. முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே, பாதை இன்னும் திரும்பாத வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது காதுதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆனைகட்டிப் பக்கத்து இருளர் ஊர் ஒன்றைச் சேர்ந்த பெரியவர். நான் விலங்கியல் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிது, 1970களின் கடைசி. கையில் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகம், கழுத்தில் இரவல் பைனாகுலர். 1941ல் முதல் பதிப்பு வந்த அந்தப் புத்தகத்தின் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பெரியவர் மரத்தை நிமிர்ந்தே பார்க்கமாட்டார். கீழே பார்த்துக்கொண்டு நடப்பார், திடீரென்று நிற்பார். "குருவி திட்டுது வாத்தியாரே. அந்தப் புதர்ல ஆந்தை இருக்கும், இல்லாட்டிப் பாம்பு இருக்கும்" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். சின்னக் குருவிகள் ஒன்றுகூடி ஆந்தையையும் பாம்பையும் விரட்டுவது பாடப் புத்தகத்தில் உள்ள செய்திதான். ஆனால் திட்டுகிற குரலுக்கும் இணையைக் கூப்பிடுகிற குரலுக்கும் குஞ்சு தீனி கேட்கிற குரலுக்கும் வித்தியாசம் தெரிய அவர் கூட நடக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அதே ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரில் பறவையியல் மையம் வந்தது. அதற்கு வெகு முன்பே எனக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.

காது பழகிய பிறகு காடு வேறு மாதிரி ஆகிவிடும். மலைக்காட்டில் கலப்புக் கூட்டம் என்று ஒன்று உண்டு. வெவ்வேறு இனத்துப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டு நகரும். நெடுநேரம் காடு சும்மா கிடக்கும். பிறகு தூரத்தில் துடுப்புவால் கரிச்சான் உலோகத்தைத் தட்டிய குரலில் ஒரு கூப்பாடு போடும். இதோ வருகிறது என்று அர்த்தம். உச்சிக்கிளைகளில் மின்சிட்டுகளின் 'ஸ்வீ ஸ்வீ' மெல்லியதாக ஆரம்பிக்கும். அடுத்து அடிமரத்தில் பசையெடுப்பான்கள் 'சிட் சிட் சிட்' என்று தலைகீழாக இறங்கிவரும். எங்கோ மரங்கொத்தி ஒரு தட்டுத் தட்டும். இலைச் செறிவுக்குள் கதிர்க்குருவி, வெள்ளைக்கண்ணி, ஈப்பிடிப்பான் என்று குரல் மேல் குரல் ஏறும். தலைக்கு மேல் முழுக் கூட்டமும் கடந்துபோக ஐந்து நிமிடம் ஆகலாம், பத்து நிமிடம் ஆகலாம். அதற்குள் பைனாகுலரைத் தூக்கிப் பார்க்கக் கிடைப்பவை சிலதான். மற்றவை எல்லாம் காது வழியாகவே குறிப்பேட்டுக்குப் போகும். போன பிறகு மறுபடி காடு சும்மா கிடக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் விடியற்காலை முதல் பஸ் பிடித்து, முழங்கால் நோக ஏறி, அட்டைக்கடி வாங்கி அங்கே போவது.

இப்போதும் கூட்டம் வருகிறது. கரிச்சான் கேட்கிறது, மரங்கொத்தி கேட்கிறது. நடுவில் இருந்தவர்களைக் காணோம்.

எது முதலில் போனது என்று என்னால் சொல்ல முடியாது. போவது தெரியாமல் போவதுதான் இதன் குணம். பூக்கொத்தி, மின்சிட்டு, பசையெடுப்பான், பனைமரத்தைச் சுற்றிக் கீச்சிட்டுப் பறக்கும் பனை உழவாரன், மழைக்கால இரவுகளில் சுவரிடுக்கில் கத்தும் சுவர்க்கோழி. எல்லாம் மேல்ஸ்தாயிக்காரர்கள். ஒன்று போய் இன்னொன்று போவதற்குள் வருடங்கள் ஆகிவிடும். காடு அழிகிறது, பறவை குறைகிறது என்று தினமும் படிக்கிற காலம் இது. கேட்காத பறவையை இல்லாத பறவை என்று மனது எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே கல்லாற்றுப் பக்கம் மகள் வயிற்றுப் பேத்தியைக் கூட்டிப் போயிருந்தபோதுதான் வெளிச்சமானது. தண்ணீர் ஓரம் பாறையில் உட்கார்ந்திருந்தோம். "அப்புச்சி, அங்க ஒண்ணு கத்துதுங்களே, அது என்னங்க?" என்றாள். எங்கே என்றேன். கை நீட்டிய இடத்தில் சாம்பல் வாலாட்டி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. இமயத்துக்கு அப்பாலிருந்தும் இமயச் சரிவிலிருந்தும் குளிர்காலத்துக்கு நம் மலையோடைகளுக்கு வருகிற பறவை. அதன் அலகு திறப்பதும் மூடுவதும் பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. "இப்பவும் கத்துதுங்களா கண்ணு?" என்று கேட்டேன். "கத்திக்கிட்டேதானுங்க இருக்குது" என்றாள்.

காது மருத்துவரிடம் போனேன். ஒலி புகாத சின்ன அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். 250 ஹெர்ட்ஸுக்கும் 8,000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் சோதிப்பார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று ஒரு தாளில் குறிப்பார்கள். என் தாளில் 2,000 வரை குறிகள் ஒரே மட்டத்தில் போயின. அதற்கு மேல் சரிந்து இறங்கிவிட்டன. "வயசுக்கு இது சகஜம், பேசறது கேட்குதில்ல?" என்றார்கள். கேட்கிறதுதான். மனிதப் பேச்சு பெரும்பாலும் அந்தச் சரிவுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. சின்னக் குருவிகளின் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

சரிவின் காரணம் எளிது. உட்செவியில் நத்தை ஓடு வடிவில் சுருண்ட ஒரு குழல். அதற்குள் மயிரிழை முளைத்த செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. குழலின் வாசல் பக்கத்துச் செல்கள் உச்ச ஒலிகளையும், உள்ளே போகப் போக உள்ளவை தாழ்ந்த ஒலிகளையும் வாங்குகின்றன. வாசல் பக்கத்துச் செல்கள்தான் முதலில் சாகின்றன. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பார்கள். வயது ஏற ஏற மேலேயிருந்து குறைந்துகொண்டே வரும். மனிதருக்கு ஒருமுறை இறந்த செல் மறுபடி முளைப்பதில்லை.

பறவைக்கு முளைக்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பேரிரைச்சலால் கோழிக்குஞ்சின், காடையின் உட்செவிச் செல்கள் அழிந்தாலும் சில வாரங்களில் புதியவை வளர்ந்துவிடுகின்றன என்று 1988ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2017ல் ஜெர்மனியில் கூகைகளை வைத்துச் சோதித்தார்கள். கிழட்டுக் கூகைக்கும் இளங்கூகைக்கும் கேட்கும் திறனில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. இருட்டில் எலியின் காலடியைக் கேட்டுப் பிடித்துச் சாப்பிடும் பறவைக்குக் காது மூத்தால் உயிர் போய்விடும். இயற்கை அதற்கு மூப்பில்லாத காதைக் கொடுத்திருக்கிறது. எனக்குப் பொறாமை இல்லை. என் காதுக்கு எட்டாமல் போன குரல்கள் அவர்களுக்குள் குறையாமல் இருக்கின்றன என்பது ஆறுதலாகத்தான் இருக்கிறது.

எங்கள் கொங்குப் பகுதியில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூற்பாலையிலும் விசைத்தறியிலும் வேலை செய்த என் உறவினர்கள் பலருக்கு நாற்பது வயதிலேயே இந்தச் சரிவு வந்துவிட்டது. தறி ஓடும் வீட்டில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும் பேசிக்கொள்வார்கள். இடைவிடாத இயந்திர இரைச்சல் முதலில் அரிப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தை. எனக்கு வயது எடுத்துக்கொண்டதை அவர்களிடம் கூலிக்கு வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் யாரும் தேன்சிட்டு கேட்கவில்லை என்று வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. வருத்தப்பட நேரம் இருந்ததில்லை என்பதுதான் உண்மை. என் ஏக்கத்தைப் பேசும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்; வர வேண்டும்.

உடம்பில் எல்லாமே இறங்குமுகம் என்று சொல்ல முடியாது. கண் திரும்பிவந்தது. புரை வளர்ந்த கண்ணுக்கு உலகம் பழைய காகிதத்தின் மஞ்சள் நிறத்தில் தெரியும். நீலம்தான் முதலில் மங்கும். அறுவை சிகிச்சை செய்து செயற்கை லென்ஸ் வைத்துக் கட்டவிழ்த்த பிறகு ஓடைக்கரையில் சிறு மீன்கொத்தியைப் பார்த்தேன். அந்த நீலத்தை இருபது வயதில் பார்த்தபடியே பார்த்தேன். ஆனால் அந்தப் பறவை முன்பெல்லாம் வருவதற்கு முன்னால் தன் வருகையைச் சொல்லிவிடும். 'ச்சீ' என்று நீண்ட கூர்மையான ஒரு குரல், உடனே தண்ணீரை ஒட்டி ஒரு நீலக் கோடு. குரல் கேட்டதும் தலை தானாகத் திரும்பும். இப்போது குரல் இல்லை. தற்செயலாக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் நீலம் கிடைக்கும்.

கேட்கிற குரலிலும் ஒரு குறை சேர்ந்துவிட்டது. சத்தம் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதைக் காது மடலின் மடிப்புகள் உச்ச ஒலிகளைக் கொண்டுதான் பிரித்துச் சொல்கின்றன. உச்ச ஒலி போனவருக்குக் குரல் கேட்கும், உயரம் தெரியாது. நுனிக்கிளையில் இருப்பதைப் புதரில் தேடிக்கொண்டிருப்பேன்.

கருவிகளை மாற்றிக்கொண்டேன். 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரை இளைய நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். கை நடுங்கினால் நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும். இப்போது வைத்திருப்பது 8 மடங்கு, முன்கண்ணாடி 32 மில்லிமீட்டர். வாங்கப் போகும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு கணக்கு: முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32ஐ 8ஆல் வகுத்தால் 4 மில்லிமீட்டர். இளவயதில் இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் கண்மணி, முதுமையில் 5ஐத் தாண்டுவதே அரிது. பெரிய முன்கண்ணாடியின் எடையைச் சுமந்தாலும் அது தரும் ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குள் போகவே போகாது. கழுத்து வாரை எடுத்துவிட்டுத் தோளோடு மாட்டும் வாரைப் போட்டுக்கொண்டால் கழுத்துவலியும் குறைகிறது.

காலுக்கும் காதுக்கும் ஏற்ற இடம் குளக்கரைதான். சூலூர், சிங்காநல்லூர், கிருஷ்ணாம்பதி என்று நொய்யலை நம்பி வெட்டிய குளங்கள் கோவையைச் சுற்றி இருக்கின்றன. கரை சமதளம். உட்கார இடம் இருக்கும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நத்தைக்குத்தி நாரையும் உருவத்தில் பெரியவை. பார்த்து முடிக்கும் வரை நின்று கொடுக்கும். வளர்ந்த நாரைகளுக்குக் குரல் ஏறக்குறைய இல்லை, அலகைத் தட்டித்தான் பேசிக்கொள்ளும். அங்கே கேட்கிறவனும் கேட்காதவனும் சமம். வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போனால் பகல் முழுக்க உட்கார்ந்தே இருக்கலாம். நாரை குஞ்சின் மேல் வெயில் படாமல் சிறகை விரித்து நிற்பதையும், நீர்க்காகம் குச்சி திருடுவதையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். காட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த வயதில் இந்தப் பொறுமை எனக்கு இருந்ததில்லை. குளம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அது காட்டுக்கு ஈடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. "பிடிச்சதை மாத்திக்கிட்டாப் போச்சு" என்று சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். வீணை வாசித்தவருக்கு விரல் மூட்டு வீங்கியபின் கச்சேரி கேட்கலாமே என்பதும், சிக்குக்கோலம் போட்ட கைக்கு ஸ்டிக்கர் கோலம் ஒட்டலாமே என்பதும் இதே வகைதான். கேட்பது நல்ல விஷயம், ஒட்டுவதும் தவறில்லை. ஆனால் முன்பு செய்தது அது இல்லை. குளக்கரையில் நான் செய்வது பறவை பார்ப்பது. காட்டில் நான் செய்தது, காடு தானாக என்னிடம் பேசிக்கொண்டிருக்க அதற்கு நடுவில் நடந்துபோனது. இரண்டும் வேறு. ஒன்று கிடைத்ததற்காக இன்னொன்றுக்கு ஏங்கக் கூடாது என்றில்லை.

கருவிகளின் உதவியைப் பற்றி நன்றியோடு சொல்ல வேண்டும். காது மெஷின் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. வீட்டில் உதவுகிறது, காட்டில் காற்றின் இரைச்சலையும் சருகையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறது. லாங் எலியட் என்ற அமெரிக்க இயற்கை ஒலிப்பதிவாளர் சிறுவயதில் பட்டாசு வெடித்து உச்ச ஒலி கேட்கும் திறனை இழந்தவர். குருவியின் குரலைப் பாதியாக, மூன்றில் ஒன்றாகத் தாழ்த்திக் காதுக்குத் தரும் வழியை அவர் உருவாக்கினார். தீபாவளிக்குத் தீபாவளி குழந்தைகளின் காதருகே வெடி வெடிக்கும் நாட்டில் அவர் கதையை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. எனக்குக் கைவந்தது அதைவிட எளிய வழி. போனில் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓடவிட்டால் குரல் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். மின்சிட்டு அதில் கிடைக்கிறது. குரலின் வளைவு நெளிவு சரியாக இருக்கிறது, அழகு கொஞ்சம் கெட்டுப்போகிறது. வீட்டுக்கு வந்து கேட்கும்போது பறவை எங்கோ போயிருக்கும்.

கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி 2021லிருந்து குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்கிறது. போனைப் பிடித்தால் ஒலியின் படம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். தாழ்ந்த ஒலி கீழே, உயர்ந்த ஒலி மேலே. ஆனைகட்டிச் சாலையோரம் ஒரு நாள் காலையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையின் கீழ்ப்பாதியில் போன கோடுகள் எனக்குக் கேட்டன. மேல்பாதியில் மெல்லிய கீற்றுகள் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு எனக்குள் சத்தம் இல்லை. வெள்ளைக்கண்ணி, பூக்கொத்தி என்று பெயர்கள் மட்டும் ஒளிர்ந்தன. என்னைச் சுற்றி இவ்வளவு பேசப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு வந்த மகிழ்ச்சியும் துக்கமும் எது எவ்வளவு என்று பிரிக்க வரவில்லை.

எல்லாக் கருவியையும் விட எனக்கு உதவியது பேத்திதான். அவள் காதில் விழுவதைத் தன் வாயால் சொல்லிக் காட்டுவாள். மனிதத் தொண்டையால் குருவியின் உயரத்துக்கு ஏற முடியாது. தானாகவே தாழ்ந்து வரும். தாழ்ந்து வருவதால் எனக்குக் கேட்கும். "மூணு தடவை மேல போகுது அப்புச்சி, கடைசில அப்படியே நின்னுக்குது" என்று தாளத்தைக் கையால் போட்டுக் காட்டுவாள். நாற்பது வருடம் கேட்டுச் சேர்த்துவைத்த குரல்கள் என் நினைவில் அழியாமல் இருக்கின்றன. அவள் சொல்கிற தாளத்தை வைத்து அந்தக் குரலை உள்ளே எடுத்துவிடுவேன், பெயர் வந்துவிடும். அவளுக்குப் பெயர் தெரியாது, எனக்குச் சத்தம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுப் பறவை நோக்கர்.

போன வருடம் ஆறுமணிக் குருவி வந்தபோது அவள் உதவி தேவைப்படவில்லை. வடக்கே மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் தெற்கே வருகிற பறவை. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். என் காதுக்குள் அடங்குகிற சுருதி. புதரடியிலிருந்து அது கூப்பிட்டதும் நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் என்னைவிட அதிகம்.

ஒரு கவலை பாக்கி இருக்கிறது. இன்று பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்பதை அறிய, எங்களைப் போன்ற ஆர்வலர்கள் ஈபேர்டு இணையதளத்தில் பதியும் பட்டியல்களை ஆய்வாளர்கள் பெரிதும் நம்புகிறார்கள். வட அமெரிக்கக் கணக்கெடுப்புகளை அலசியபோது, வயதான நோக்கர்கள் உச்சக் குரல் பறவைகளைக் குறைவாகப் பதிவதைக் கண்டார்கள். பறவை குறைந்ததா, கேட்பவரின் காது குறைந்ததா என்ற கேள்வி அங்கே வந்துவிடுகிறது. அதனால் காட்டுப் பட்டியலை நான் தனியாகப் பதிவதை நிறுத்திவிட்டேன். இளையவர் ஒருவர் கூட இருந்தால் அவர் பெயரில் பதியட்டும் என்று விட்டுவிடுகிறேன். குளத்துக் கணக்கு மட்டும் என் பெயரில் போகிறது. விட்டுக்கொடுத்தவற்றில் இதுதான் எனக்கு அதிகம் வலித்தது; சரியான முடிவு என்பதிலும் ஐயமில்லை.

பறவைக் குழுக்களில் இருக்கும் இளையவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களோடு நடக்கும் பெரியவர் தலையாட்டிக்கொண்டு வருகிறார் என்பதற்காக அவருக்குக் கேட்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கேட்ட உடனே பெயரைச் சொல்லி நகர்ந்துவிடாமல், சத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில், எத்தனை முறை என்று சொல்லுங்கள். பாதிக்கு மேல் அவரே பெயர் சொல்லிவிடுவார். ஐம்பது தாண்டியவர்கள் சர்க்கரைக்கும் கண்ணுக்கும் சோதனை செய்துகொள்வது போலக் காதுக்கும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. தறி, பட்டறை, கட்டட வேலையில் இருப்பவர்களுக்குக் காதடைப்பான் வாங்கிக்கொடுங்கள், விலை மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 2015லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியிலோ தெருமுனையிலோ 15 நிமிடம் நின்று பார்த்ததையும் கேட்டதையும் எழுதினால் போதும். அடுத்த பொங்கலுக்கு உங்கள் வீட்டுப் பெரியவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். காதில் விழுவதையெல்லாம் அவருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள்.